மூக்கடைப்புக்கு வீட்டு வைத்தியம்: பலன் தருவது எது? ஆபத்தை அழைப்பது எது?

புதுடெல்லி: குளிர்காலம் தொடங்கிவிட்டால் வட இந்தியாவில் மூக்கடைப்பு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 400-ஐக் கடந்து 'கடுமை' என்ற பிரிவுக்குள் நுழையும் நாட்களில், சளி பிடிக்காதவர்களும் மூக்கால் மூச்சுவிட முடியாமல் தவிக்கின்றனர். மழைக்கால ஈரத்தில் கேரளத்திலும், பனிக்கால அதிகாலைகளில் பெங்களூருவிலும் இதே அவதியைக் காணலாம்.

இதற்குத் தீர்வாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து முகர்வது, போர்வைக்குள் ஆவி பிடிப்பது, துளசியும் மிளகும் இட்ட கஷாயம், மார்பில் தடவும் தைலம், மூக்கைக் கழுவும் ஜல நேத்தி, குழந்தையின் நாசியில் விடும் கடுகெண்ணெய் எனப் பட்டியல் நீள்கிறது. இவை அனைத்தும் இயற்கையானவை என்பதால் தீங்கற்றவை என்று கருதப்படுகின்றன. ஆனால், இவற்றுள் சில உண்மையாகவே பலன் தருகின்றன. சில, பலன் தருவது போன்ற உணர்வை மட்டும் தருகின்றன. இன்னும் சில, சாதாரணச் சளியோடு போக வேண்டிய தொல்லையை மருத்துவமனை வரை கொண்டு செல்கின்றன. எது எந்த வகை என்பதைப் பிரித்தறிய, மூக்கு எவ்வாறு அடைபடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அடைப்பது சளி மட்டுமல்ல, வீக்கமும்தான்

மூக்கைச் சளி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றே பலரும் நினைக்கின்றனர். அதனால்தான் பலங்கொண்ட மட்டும் சிந்துகின்றனர். எதுவும் வெளிவராதபோது இன்னும் வேகமாகச் சிந்துகின்றனர். உண்மையில், பெரும்பாலான நேரங்களில் பாதையை அடைப்பது மூக்கின் உட்சவ்வில் ஏற்படும் வீக்கமே.

மூக்கின் இரு பக்கச் சுவர்களிலும் மடிப்பு மடிப்பாக மெல்லிய எலும்புகளும் அவற்றைப் போர்த்திய சளிச்சவ்வும் உள்ளன. இச்சவ்வில் ரத்த நாளங்கள் நெருக்கமாகப் பரவியுள்ளன. உள்ளே செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, தூசியை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்புவது இவற்றின் பணி. வைரஸ் தொற்றோ, புகையோ, மகரந்தமோ இச்சவ்வை உறுத்தும்போது ரத்த நாளங்கள் விரிவடைகின்றன, சவ்வு வீங்குகிறது, காற்று செல்லும் இடைவெளி சுருங்குகிறது.

நலமாக இருப்பவர்களிடமும் ஒரு நேரத்தில் ஒரு நாசியே அதிகம் திறந்திருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இது பக்கம் மாறும். சளி பிடித்திருக்கும்போது, 'இந்தப் பக்கம் திறந்தால் அந்தப் பக்கம் அடைக்கிறது' என்று பலரும் சொல்வதற்கு இதுவே காரணம். படுத்தவுடன் அடைப்பு அதிகரிப்பதும் இதன் தொடர்ச்சிதான். தலை தாழ்ந்திருக்கும்போது மூக்கின் நாளங்களில் ரத்தம் கூடுதலாகத் தேங்குகிறது.

மூக்கைச் சுற்றி நெற்றி, கன்னம், கண்களின் இடைப்பகுதி, அதன் பின்பகுதி ஆகிய இடங்களில் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவையே சைனஸ் எனப்படுகின்றன. இவற்றில் சுரக்கும் சளி, சிறிய துளைகள் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும. சவ்வு வீங்கி அத்துளைகள் மூடிக்கொண்டால் சளி உள்ளேயே தேங்கும். குனியும்போது கன்னமும் நெற்றியும் கனப்பதும், மேல்வரிசைப் பற்கள் வலிப்பதும் இதனால்தான்.

ஆக, ஒரு வைத்தியம் பலன் தர வேண்டுமானால் மூன்றில் ஒன்றையாவது செய்ய வேண்டும்: உறுத்தும் பொருளை அகற்ற வேண்டும், சளியை இளக்கி வடியச் செய்ய வேண்டும், அல்லது வீக்கத்தைக் குறைக்க வேண்டும்.

முதலிடம் உப்புநீருக்கே

இந்த அளவுகோலில் முன்னிலையில் நிற்பது, சமையலறையிலேயே தயாரிக்கக்கூடிய உப்புநீர். அது தூசியையும் கெட்டியான சளியையும் கழுவி வெளியேற்றுகிறது. உலர்ந்த சவ்வை ஈரமாக்குகிறது. சளியைத் தொண்டை நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் தடையின்றி இயங்கவும் உதவுகிறது. நாள்பட்ட சைனஸ் தொல்லைக்கும் ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்புக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் மருந்துகளோடு சேர்த்து இதனைப் பரிந்துரைப்பது வழக்கம். பிரிட்டனில் சைனஸ் தொல்லை அடிக்கடி வரும் நோயாளிகளிடையே நடத்தப்பட்டு 2016-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், மூக்கை உப்புநீரால் கழுவியவர்களுக்கு அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. ஆவி பிடித்தவர்களிடம் தலைவலி குறைந்ததைத் தவிர குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

ஹட யோக நூல்கள் கூறும் ஆறு தூய்மைக் கிரியைகளுள் ஒன்று நேத்தி. அதன் ஒரு வகையான ஜல நேத்தியும் இதே செயல்தான்.

தயாரிக்கும் முறை எளிது. கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 கிராம், அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் உடல் திரவங்களின் உப்பளவுக்கு நெருங்கிய கரைசல் கிடைக்கும். எரிச்சல் இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். உப்பு குறைந்தாலும், அளவுக்கு மிஞ்சினாலும் மூக்கு எரியும். கரைசல் உடல் சூட்டில் இருப்பது நல்லது. கைகழுவும் தொட்டியின் மீது குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேற்புற நாசியில் மெதுவாக ஊற்றினால் கீழ்ப்புற நாசி வழியே வெளியேறும். பின்னர், ஒவ்வொரு நாசியாக மென்மையாகச் சிந்த வேண்டும். இரு நாசிகளையும் ஒருசேர அழுத்திச் சிந்தினால் சளி சைனஸுக்குள்ளும் காதுக்குழாய்க்குள்ளும் தள்ளப்படலாம். காதுவலியோ மூக்கில் ரத்தக்கசிவோ உள்ளவர்கள், மூக்கு முழுவதும் அடைத்திருப்பவர்கள், அண்மையில் மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

குழாய் நீர் கூடாது, ஏன்?

உப்புநீர் பாதுகாப்பானது, ஆனால் அதற்குப் பயன்படுத்தும் நீர் பாதுகாப்பாக இருந்தால் மட்டுமே. அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் 2011-ஆம் ஆண்டு, குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் 'நெக்லேரியா ஃபௌலேரி' என்ற அமீபாவின் தொற்றால் உயிரிழந்தனர். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இந்த நுண்ணுயிர், நீரைக் குடிப்பதால் தொற்றுவதில்லை. மூக்கின் மேற்பகுதியை அடைந்தால் மட்டும், வாசனை அறியும் நரம்பின் வழியாக மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. மிக அரிதான நோய்தான் என்றாலும், வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. கேரளத்தில் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் நோயாளிகள் கண்டறியப்பட்டதையடுத்து, நீர்நிலைகளில் குளிக்கும்போது மூக்கில் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுமாறு அம்மாநில அரசு எச்சரித்தது.

எனவே, குழாய் நீரையோ கிணற்று நீரையோ நேரடியாக மூக்கில் செலுத்தக்கூடாது. நன்கு கொப்புளித்துக் கொதித்த பிறகு மேலும் 1 நிமிடமாவது கொதிக்க விட்டு, மூடி ஆறவைத்த நீரையே பயன்படுத்த வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள சிம்லா, டார்ஜிலிங், லே போன்ற ஊர்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கு 3 நிமிடங்கள் கொதிக்க வைப்பது அவசியம். வீட்டுக் குடிநீர் வடிகட்டியை மட்டும் இதற்கு நம்புவது சரியல்ல. நேத்திப் பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு, மருந்தகங்களில் கிடைக்கும் கிருமி நீக்கிய உப்புநீர்ச் சொட்டு மருந்தும் ஸ்ப்ரேயும் உள்ளன.

ஆவி: சுகம் உண்டு, தீக்காயமும் உண்டு

ஆவி பிடித்தால் மூக்கு திறந்தது போன்ற ஆறுதல் கிடைக்கிறது என்பது மறுக்க முடியாதது. சளி சற்று இளகலாம். ஆனால், சூடான ஈரக்காற்றைச் சுவாசிப்பதால் சாதாரணச் சளி விரைவில் குணமாகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆவி வைரஸைக் கொல்லும் என்ற நம்பிக்கை கொரோனா காலத்தில் பரவியது. மூக்கின் உட்சவ்வு தாங்கக்கூடிய வெப்பம் வைரஸை அழிக்கப் போதாது. வைரஸை அழிக்கும் வெப்பத்தைச் சவ்வு தாங்காது. நுரையீரலில் படிந்த நகரப் புகையை ஆவி வெளியேற்றிவிடும் என்பதும் தவறான நம்பிக்கையே.

இதில் உள்ள உண்மையான ஆபத்து பாத்திரம்தான். கொதிநீர் நிறைந்த அகன்ற பாத்திரம், அதன்மேல் குனிந்த முகம், மேலே ஒரு போர்வை, அருகில் விளையாடும் குழந்தை. பாத்திரம் ஒரு முறை சரிந்தால் மடி, தொடை, வயிறு எல்லாம் வெந்துபோகின்றன. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர்கூடச் சில விநாடிகளில் தோலை ஆழமாகப் புண்ணாக்கும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரமே போதும். பிரிட்டனில் 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது, ஆவி பிடிக்கையில் வெந்நீர் கொட்டிக் காயமடைந்த குழந்தைகளின் எண்ணிக்கை கடுமையாக உயர்ந்ததாக அந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

எனவே, சிறுவர்களுக்குப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த குளியலறையில் பெரியவர் ஒருவர் குழந்தையுடன் சில நிமிடங்கள் அமர்ந்திருப்பதே போதுமானது. பெரியவர்கள் பிடிப்பதாயினும், அடுப்பிலிருந்து இறக்கிய உடனே அல்லாமல் சற்று ஆறவிட்டு, பாத்திரத்தை மடியில் வைக்காமல் உறுதியான மேசையில் வைத்து, முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் கொட்டிவிட்டால் உடனடியாக 20 நிமிடங்கள் குழாய் நீரில் காட்ட வேண்டும். பற்பசை, நெய், மை போன்றவற்றைத் தடவக்கூடாது.

தைலம் திறப்பது மூக்கை அல்ல

தைலத்தை முகர்ந்ததும் மூச்சு சீராகச் செல்வது போலத் தோன்றுகிறது. அதிலுள்ள மென்தால், மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால் காற்று தாராளமாகச் செல்வதாக மூளை உணர்கிறது. கருவிகளால் அளந்து பார்த்தால் வீக்கம் அப்படியே இருக்கும். இரவில் தூக்கம் வர அந்த உணர்வே போதும் என்றால், பெரியவர்கள் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

கற்பூரம் கலந்த தைலங்களை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது. எந்த வயதினருக்கும் மூக்குத் துவாரத்துக்குள் தடவக்கூடாது. கற்பூரத்தையோ நீலகிரித் தைலத்தையோ சிறு குழந்தை சிறிதளவு விழுங்கிவிட்டாலும் வலிப்பு ஏற்படலாம். சளிக்காகக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டும் வழக்கம் உள்ள வீடுகள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கஷாயமும் சூப்பும்

துளசி, இலவங்கப்பட்டை, சுக்கு, மிளகு சேர்ந்த கஷாயத்தை 2020-ஆம் ஆண்டு மத்திய ஆயுஷ் அமைச்சகம் பரிந்துரைத்தபோது, வட இந்திய வீடுகளின் 'காடா' நாடெங்கும் பரவியது. தென்னிந்தியாவில் சுக்கு மல்லிக் காப்பியும் மிளகு ரசமும் அதே இடத்தை வகிக்கின்றன. சூடான பானம் மூக்கின் காற்றோட்டத்தை அளவில் மாற்றாவிட்டாலும் தொண்டை வலி, தும்மல், குளிர் ஆகியவற்றிலிருந்து உடனடி ஆறுதல் தருவதாகப் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு கண்டறிந்தது. சூடான கோழி சூப் சளியின் நகர்வை விரைவுபடுத்துவதாக அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டிலேயே ஒரு ஆய்வு வெளியானது. மிளகும் மிளகாயும் மூக்கில் நீர் வடியச் செய்வதை எவரும் அனுபவத்தில் அறிவர்.

ஆனால், கஷாயம் நோயைக் குணப்படுத்திவிட்டது என்று கொள்வது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே. வைரஸால் வரும் சளி பொதுவாக 7 முதல் 10 நாட்களில் தானாகவே அடங்கிவிடும். ஏழாம் நாள் எதை உட்கொண்டோமோ, அதற்குப் பெருமை சேர்ந்துவிடுகிறது. அளவுக்கு மீறிய கஷாயம் வயிற்றெரிச்சலையே தரும். 1 வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள், நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் 'பாட்டுலிசம்' என்ற நோயை உண்டாக்கலாம்.

இரவுத் தூக்கத்துக்குக் கூடுதலாக ஒரு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பது, அடைப்பு அதிகமுள்ள பக்கம் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுப்பது, கன்னத்திலும் நெற்றியிலும் வெதுவெதுப்பான ஈரத்துணி வைப்பது ஆகியன செலவில்லாத வழிகள். மூடிய அறைக்குள் கொசுவத்தி, சாம்பிராணி, கரியடுப்பு ஆகியவற்றின் புகையைத் தவிர்ப்பதும் ஒரு வைத்தியமே. வட மாநிலங்களில் குளிர்காய மூடிய அறையில் வைக்கப்படும் கரிக்கணப்பு, மூக்கை உறுத்துவதோடு, கார்பன் மோனாக்சைடு வாயுவால் உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கவும் கூடும்.

சொட்டு மருந்து என்னும் சுழல்

கைவைத்தியம் பலிக்காதபோது பலர் நாடுவது, மருந்தகத்தில் கேட்டவுடன் கிடைக்கும் மூக்குச் சொட்டு மருந்தை. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை மருந்துகள் ரத்த நாளங்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடுகின்றன. இதுவே இவற்றின் ஆபத்தும்கூட. 3 முதல் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வீரியம் குறையும்போதெல்லாம் நாளங்கள் முன்பைவிட அதிகமாக விரிவடைகின்றன. அடைப்பைப் போக்க மீண்டும் மருந்து, மருந்தால் மீண்டும் அடைப்பு என்று மாதக்கணக்கில் இச்சுழலில் சிக்குவோர் உண்டு. உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைப் பயன்படுத்தக்கூடாது.

மாத்திரையாக விற்கப்படும் ஃபினைல்எஃப்ரின், மூக்கடைப்பைக் குறைப்பதில் பயனற்றது என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023-ஆம் ஆண்டு முடிவு செய்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் வைரஸ் சளியில் பயன் தருவதில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பதை மட்டும் வைத்து அவற்றை வாங்கி உட்கொள்வது தவறு.

கைக்குழந்தைகளுக்குத் தனிக் கவனம்

பிறந்து சில மாதங்கள் வரை குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால் மட்டுமே சுவாசிக்கின்றனர். மூக்கு அடைபட்டால் பால் குடிக்க முடியாமல் வீறிட்டு அழும். அப்போது பாலூட்டுவதற்குச் சற்று முன்பு, ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு கிருமி நீக்கிய உப்புநீர் விட்டு, வெளிவரும் சளியை மென்மையாகத் துடைப்பதே போதுமானது.

மாறாக, நாசியில் கடுகெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் தொடர்கிறது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், உடலால் அதைக் கரைத்து வெளியேற்ற இயலாது. நுரையீரலில் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். இத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்ததை இந்திய மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்துள்ளனர். வாயால் குழந்தையின் மூக்கை உறிஞ்சுவதும், நாசிக்குள் ஊதுவதும் தொற்றைப் பரப்பும் செயல்களே.

சளி மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. குளோர்ஃபெனிரமைன், ஃபினைல்எஃப்ரின் கலந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று மருந்துப் பெட்டியில் அச்சிட வேண்டுமென மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் 2025-ஆம் ஆண்டு குழந்தைகள் உயிரிழந்த துயரத்தின்போது, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக்கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக அவை தேவையில்லை என்றும் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் தெரிவித்தது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

அறிகுறிகள் 10 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, குறையத் தொடங்கிய பின் மீண்டும் தீவிரமானாலோ, கெட்டியான சளி, முகவலியுடன் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் தொடர்ந்தாலோ பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். தும்மலும் கண் அரிப்பும் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்க வாய்ப்புண்டு. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் மூக்கெலும்பு வளைவோ சதை வளர்ச்சியோ காரணமாகலாம். சிறு குழந்தைக்கு ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வடிந்தால், உள்ளே மணியோ விதையோ சிக்கியிருக்கக்கூடும். பொத்தான் பேட்டரியாக இருந்தால் அது அவசரச் சிகிச்சைக்கு உரியது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், கடும் தலைவலியுடன் கழுத்து இறுக்கம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களுக்கு முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போதல், மூக்கில் கறுப்பு நிறக் கசிவு, அண்ணத்தில் கறுப்புத் திட்டு ஆகியன 2021-ஆம் ஆண்டு நாட்டை உலுக்கிய கருப்புப் பூஞ்சை நோயின் அடையாளங்களாகும். குழந்தை மூச்சுவிடும்போது விலா எலும்புகளின் இடைவெளி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மற்றபடி, மூக்கடைப்பு பெரும்பாலும் ஒரு வாரத்து விருந்தாளி. கொதித்து ஆறிய உப்புநீர், சூடான ஒரு குவளை பானம், உயர்த்திய தலையணை, புகையற்ற அறை, சற்றுப் பொறுமை ஆகியவை அந்த ஒரு வாரத்தைக் கடக்கப் போதுமானவை.

பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரையில் உள்ளவை பொதுவான தகவல்கள் மட்டுமே. நாள்பட்ட நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோர் எந்த வைத்தியத்தையும் பின்பற்றும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.